குடகு மலையை நடந்து பார்க்க ஒரு வழிகாட்டி

குடகுக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மடிக்கேரியில் ஓர் அறை எடுத்து, வாடகைக் கார் ஒன்றை அமர்த்தி, ராஜா சீட், அபி அருவி, துபாரே யானை முகாம், தலைக்காவிரி என்று இரண்டு நாளில் ஓடி முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த இடங்கள் பார்க்கத் தகுந்தவைதாம். ஆனால் பகலில் பாதி நேரம் வளைவுச் சாலையில் கழிவதால், காப்பித் தோட்டத்தின் நிழலையும் சோலைக் காட்டின் ஈரத்தையும் புல்மலையின் காற்றையும் உணர்வதற்கு நேரம் மிஞ்சுவதில்லை. ஆகவே என்னுடைய முதல் யோசனை இதுதான்: எந்த மலையில் ஏற விரும்புகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், அதன் அடிவாரத்தில் உள்ள ஊரிலேயே தங்குங்கள், மற்ற இடங்களை அதற்குப் பிறகு, நேரம் கிடைத்தால் பாருங்கள்.

கர்நாடகத்தின் தென்மேற்கு மூலையில் 4,102 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்த சிறிய மாவட்டம் குடகு. இந்தியாவில் விளையும் காப்பியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முதுகெலும்பு மாவட்டத்தின் மேற்கு ஓரமாகத் தெற்கு வடக்காக ஓடுகிறது. உயரமான சிகரங்கள் எல்லாம் அந்த வரிசையிலும் அதன் கிளைகளிலும்தான் இருக்கின்றன: நடுவில் கக்கபேக்கு அருகே தடியண்டமோள் (1,748 மீட்டர்), வடக்கே புஷ்பகிரி எனப்படும் குமார பர்வதம் (1,712 மீட்டர்), தெற்கே கேரள எல்லையில் பிரம்மகிரி (1,608 மீட்டர்). இந்த முகட்டின் மேற்கே பெய்யும் மழை குமாரதாரா, பாரபொளே போன்ற ஆறுகள் வழியாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே பெய்வது காவிரியிலும் ஹாரங்கியிலும் லட்சுமண தீர்த்தத்திலும் சேர்ந்து மேட்டூரைக் கடந்து, தஞ்சை வயல்களில் பாய்ந்து, எஞ்சியது பூம்புகாரில் கடலை அடைகிறது. இந்த நீர்ப்பிரிமுகட்டின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்ப்பதற்காகவே ஒரு முறையாவது குடகு மலையில் ஏற வேண்டும் என்று தமிழ்நாட்டவருக்கு நான் சொல்வேன்.

எப்போது செல்வது

மலையேற்றத்துக்கு அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய உள்ள காலமே மிகச் சிறந்தது. மழை ஓய்ந்திருக்கும், புல்வெளிகள் பசுமையாக இருக்கும், ஓடைகளில் நீர் ஓடும், காலையில் பள்ளத்தாக்குகளை நிரப்பும் மூடுபனி பத்து மணிக்குள் விலகிவிடும். பிப்ரவரியிலிருந்து புல் காய்ந்து பழுப்பாகிவிடும். காட்டுத்தீ அபாயம் கருதி வனத்துறை அந்த மாதங்களில் பல பாதைகளை மூடிவிடுவது வழக்கம். எனவே மார்ச், ஏப்ரல் மாதங்களில் சிகரத்தை நம்பிப் பயணம் வைக்கக் கூடாது.

ஆயினும் அந்த மாதங்களுக்கென்று தனியாக ஒரு சிறப்பு உண்டு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையில் எப்போதாவது பெய்யும் கோடை மழைக்குப் பிறகு, சுமார் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள், காப்பிச் செடிகள் அனைத்தும் ஒரே சமயத்தில் பூக்கின்றன. மல்லிகையை ஒத்த வெண்மையான பூக்கள் கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக மலர்ந்து, மூன்று நான்கு நாளில் வாடிவிடுகின்றன. அதன் மணம் சாலையில் போகும் பேருந்துக்குள்ளும் வந்து நிறையும். எந்த நாளில் பூக்கும் என்று முன்கூட்டியே சொல்ல இயலாது. ஆனால் தங்கும் வீட்டாரிடம் தொலைபேசியில் மழை எப்போது பெய்தது என்று கேட்டு, அதிலிருந்து எட்டாம் நாளைக் கணக்கிட்டுப் புறப்பட்டால் பெரும்பாலும் வாய்க்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மேற்கே பாகமண்டலம், தலைக்காவிரிப் பக்கம் அதைவிடவும் அதிகம். கிழக்கே குஷால்நகருக்கு வந்தால் அதில் பாதிகூட இருக்காது. அருவிகளைப் பெருக்கெடுத்த நிலையில் பார்க்க விரும்புவோர் இக்காலத்தில் வருகிறார்கள். செப்டம்பரில் வருவதை நான் ஆதரிப்பேன்; ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வர வேண்டாம் என்றே சொல்வேன். 2018 ஆகஸ்டில் மடிக்கேரியைச் சுற்றிய கிராமங்களில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வீடுகளும் தோட்டங்களும் மண்ணுக்குள் போயின. 2020 ஆகஸ்டில் தலைக்காவிரிக் கோயிலுக்கு அருகிலேயே மலை சரிந்து உயிரிழப்பு நேர்ந்தது. அந்த நாட்களில் மாவட்ட நிர்வாகத்தின் மீட்புப் பணிக்கு இடையூறாக வெளியூர்க்காரர் அங்கே இருப்பதே சரியல்ல.

சென்று சேர்வதும் தங்குவதும்

குடகு மாவட்டத்துக்குள் ரயில் பாதை கிடையாது. சென்னையிலிருந்து வருவோர் காவேரி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் மைசூரில் இறங்கலாம். அங்கிருந்து ஹுணசூர், குஷால்நகர் வழியாக மடிக்கேரி 120 கிலோமீட்டர். கர்நாடக அரசுப் பேருந்துகள் நாள் முழுவதும் ஓடுகின்றன. கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்தினருக்கு வேறொரு வழி உண்டு: ரயிலில் கண்ணூர் அல்லது தலச்சேரி சென்று, அங்கிருந்து இரிட்டி, மாக்குட்டா மலைப்பாதை வழியாக விராஜ்பேட்டையை அடையலாம். மாக்குட்டாவில் சாலையின் இரு மருங்கும் அடர்ந்த மழைக்காடு. பயணத்தின் இந்தப் பகுதியே ஒரு காட்சி என்பதால் பகலில் கடக்கும்படி நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியில் திம்பம், சாமராஜநகர் வழியாகவோ முதுமலை, பந்திப்பூர் வழியாகவோ செல்வோர், புலிகள் காப்பகச் சாலைகள் இரவில் மூடப்படும் என்பதை மனத்தில் கொண்டு, மாலைக்குள் அவற்றைத் தாண்டிவிட வேண்டும். நீலகிரி வழியாகச் செல்வதென்றால் இ-பாஸ் பதிவையும் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.

தங்கும் ஊரை மலையை வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தடியண்டமோளுக்குக் கக்கபே, பிரம்மகிரிக்கும் இருப்பு அருவிக்கும் ஸ்ரீமங்கலா அல்லது குட்டா, குமார பர்வதத்துக்கும் மல்லள்ளி அருவிக்கும் சோமவாரப்பேட்டை. இந்த ஊர்களைச் சுற்றி ஹோம்ஸ்டே எனப்படும் தோட்ட வீடுகள் ஏராளமாக உள்ளன. முன்பதிவு செய்யும்போது அறையின் வசதிகளைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வீடு தோட்டத்துக்குள் இருக்கிறதா அல்லது சாலை ஓரத்தில் இருக்கிறதா, வீட்டார் அங்கேயே குடியிருக்கிறார்களா, அதிகாலையில் காலை உணவைக் கட்டிக் கொடுப்பார்களா. வீட்டார் குடியிருக்கும் இடத்தில்தான் கடம்புட்டு எனப்படும் அரிசி உருண்டையும், நூல்புட்டு எனப்படும் இடியாப்பமும் சூடாகக் கிடைக்கும். முந்தின இரவு யானை எந்தப் பக்கம் வந்தது என்ற செய்தியும் அவர்களிடம்தான் கிடைக்கும்.

காப்பித் தோட்டத்தில் நடப்பது

முதல் நாள் மாலையைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள். மலையேற்றத்துக்குக் கால்களைப் பழக்கிக்கொள்ள இதைவிட நல்ல நடை இல்லை. குடகில் காப்பி திறந்த வெயிலில் வளர்வதில்லை. பலா, நூக்கு எனப்படும் ஈட்டி, கல்யாண முருங்கை, சில்வர் ஓக் ஆகிய மரங்கள் மேலே குடை பிடிக்க, அவற்றின் உடலில் மிளகுக்கொடி ஏற, அடியில் ஆளுயரத்துக்குக் கவாத்து செய்யப்பட்ட காப்பிச் செடிகள் நிற்கின்றன. இந்த மூன்று அடுக்கும் சேர்ந்திருப்பதால்தான் தோட்டம் பாதி காடாக இருக்கிறது. பறவைகளும் மலை அணிலும் தடையில்லாமல் காட்டிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து காட்டுக்கும் போய்வருகின்றன.

அராபிகாவையும் ரொபஸ்டாவையும் இலையை வைத்தே பிரித்தறியலாம். அராபிகாவின் இலை சிறியது, கரும்பச்சை, பளபளப்பானது. ரொபஸ்டாவின் இலை அகலமாகவும் அலையலையாகவும் இருக்கும், செடியும் பெரிது. உயரமான, குளிர்ந்த சரிவுகளில் அராபிகாவும், தாழ்வான பகுதிகளில் ரொபஸ்டாவும் மிகுதி. நவம்பர் முதல் ஜனவரி வரை அராபிகா பறிப்பு. ரொபஸ்டா அதன்பின் பிப்ரவரி, மார்ச் வரை நீளும். பறிப்புக் காலத்தில் சென்றால், தோட்டத்தாரின் அனுமதியோடு நன்கு சிவந்த பழம் ஒன்றை எடுத்து விரலால் அழுத்திப் பாருங்கள். தோல் பிளந்து, இனிப்பான வழவழப்பான கூழில் பொதிந்த இரண்டு கொட்டைகள், தட்டையான முகங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி வெளியே வரும். சில பழங்களில் ஒரே ஒரு கொட்டை உருண்டையாக இருக்கும். நம் ஊர்க் காப்பித்தூள் கடைப் பலகையில் பீபெரி என்று எழுதியிருப்பது அதுதான். பழத்தின் தோலையும் கூழையும் நீக்கி, கழுவி உலர்த்திய அராபிகாவுக்குப் பிளான்டேஷன் என்றும், பழத்தோடு அப்படியே களத்தில் காயவைத்ததற்குச் செர்ரி என்றும் பெயர். களத்தில் பரப்பிய பழங்களைத் துழாவிக்கொண்டிருக்கும் தொழிலாளர்களில் தமிழ் பேசுவோரும் இருப்பார்கள். வேலைக்கு இடையூறு செய்யாமல் பேச்சுக் கொடுத்தால், எந்த வழிகாட்டிப் பலகையும் சொல்லாத விவரங்களைச் சொல்வார்கள்.

விடியற்காலையில் ஓடைப் பக்கமிருந்து யாரோ ஒரு சிறுவன் மெட்டுத் தெரியாமல் சீட்டியடிப்பது போன்ற ஓசை வந்தால் அது சீகாரப் பூங்குருவி. இருவாச்சிகள் பழமரங்களுக்கு வரும் நேரமும் அதுவே. தொலைநோக்கி ஒன்று வைத்திருப்பது நல்லது.

யானையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். குடகில் யானைகள் காட்டுக்குள் மட்டும் இருப்பதில்லை. பலாப்பழத்துக்காகவும் நீருக்காகவும் தோட்டங்களுக்குள் வருகின்றன, சில அங்கேயே பல நாட்கள் தங்குகின்றன. தோட்டத் தொழிலாளர்கள் யானை தாக்கி இறப்பது இங்கே ஆண்டுதோறும் நடக்கும் துயரம். ஆகவே, வெளிச்சம் நன்றாக வந்த பிறகே தோட்டத்துக்குள் இறங்க வேண்டும். மாலை ஐந்தரைக்குள் வீடு திரும்ப வேண்டும். பாதையில் புதிதாக முறிந்த கிளையோ, ஈரம் காயாத சாணமோ தென்பட்டால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். காதில் பாட்டைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மூங்கில் முறியும் ஓசையும் காது வீசும் ஓசையும்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே முன்னெச்சரிக்கை. யானை கண்ணில் பட்டால் படம் எடுக்க நிற்காமல், ஓசை எழுப்பாமல், வந்த வழியே பின்வாங்குங்கள்.

தடியண்டமோள்

ஒரே ஒரு மலை ஏறத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். குடகின் மிக உயர்ந்த சிகரம் இது. வழக்கமாக நடப்பவர்கள், முன் அனுபவம் இல்லாவிட்டாலும், ஒரே நாளில் ஏறி இறங்க முடியும். கக்கபேயிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நால்நாடு அரண்மனைதான் தொடக்கப் புள்ளி. தொட்ட வீரராஜேந்திரன் 1790களில் கட்டிய, மரவேலைப்பாடு மிகுந்த இரண்டடுக்கு மாளிகை அது. 1834இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்த கடைசி அரசன் சிக்க வீரராஜேந்திரன் இறுதியாக ஒதுங்கியிருந்த இடமும் அதுவே. காலையில் திறந்திருக்காது என்பதால் இறங்கி வந்தபின் பாருங்கள்.

அரண்மனையிலிருந்து சிகரம் வரை ஒரு பக்கத்துக்கு ஆறேழு கிலோமீட்டர். ஏற மூன்றிலிருந்து நான்கு மணி நேரமும், இறங்க அதில் முக்கால் பங்கும் ஆகும். காலை ஏழு மணிக்குள் தொடங்கிவிட வேண்டும். முதல் பகுதி காப்பித் தோட்டங்களுக்கு இடையே செல்லும் செங்குத்தான வண்டிப்பாதை. ஜீப்பில் போய்விடலாமே என்று தோன்றும், ஆனால் நடந்தால்தான் மூச்சு நிதானப்படும். வனத்துறைச் சாவடியைத் தாண்டியதும் பாதை ஒடுங்கி, ஒரு பக்கம் பள்ளத்தாக்கும் மறுபக்கம் மலையுமாகச் சமமாக நீள்கிறது. வழியில் ஓடை குறுக்கிடும். டிசம்பர் வரை அதில் நீர் இருக்கும்.

அதற்குப் பிறகு வரும் நிலப்பரப்பை நின்று கவனிக்க வேண்டும். மலையின் மேடான, காற்று அடிக்கும் சரிவுகள் முழுவதும் புல். நீர் தேங்கும் மடிப்புகளில் மட்டும் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்காடு. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை கத்தியால் வெட்டியதுபோல் துல்லியமாக இருக்கும். புல்வெளியிலிருந்து சோலைக்குள் காலை வைத்த அடுத்த நொடியே வெளிச்சம் குறைந்து, உடம்பு சில்லிட்டு, காற்றின் இரைச்சல் அடங்கிவிடும். மரப்பட்டை தெரியாதபடி பாசியும் ஆர்க்கிட் செடிகளும் மூடியிருக்கும். கையைத் தரையில் வைத்து அழுத்தினால் பல ஆண்டுகள் உதிர்ந்து மக்கிய இலைகளுக்கு அடியில் மண் நனைந்த பஞ்சாக இறங்கும். பருவமழை நின்று மூன்று மாதமான பிறகும் ஓடைகள் வற்றாமல் இருப்பதற்கு இந்த மண்தான் காரணம். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு சிறுகச் சிறுக விடுகிறது.

சோலையைக் கடந்தபின் உள்ள கடைசிச் செங்குத்து ஏற்றம்தான் கடினமானது. மண் சரளையாக இருக்கும், பிடித்துக்கொள்ள வேர்களே துணை. அவசரப்படாமல் ஏறுங்கள். உச்சியில் பாறைகளும் புல்லும் மட்டுமே. மேற்கே கேரளத்தின் காடுகள் அடுக்கடுக்காகச் சரிந்து போவதும், வானம் தெளிந்த நாளில் வெகு தொலைவில் கடலின் கோடும் தெரியும். பன்னிரண்டு மணிக்குமேல் மேகம் மூடுவது சாதாரணம் என்பதால், அதற்குள் உச்சியை அடையாவிட்டால் திரும்பிவிடுவதே நல்லது.

குமார பர்வதமும் மல்லள்ளி அருவியும்

இது அனுபவம் உள்ளவர்களுக்கான மலை. தட்சிண கன்னட மாவட்டத்தில் உள்ள குக்கே சுப்பிரமணியாவிலிருந்து ஒரு பாதையும், குடகின் சோமவாரப்பேட்டைப் பக்கம் பீடஹள்ளியிலிருந்து இன்னொரு பாதையும் செல்கின்றன. குக்கேயிலிருந்து ஒரு பக்கம் மட்டுமே பதின்மூன்று கிலோமீட்டர். கோயில் ஊரே தாழ்நிலத்தில் இருப்பதால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் செங்குத்தாக உயர வேண்டும். கர்நாடகத்தின் கடினமான மலைப்பாதைகளில் இதைச் சேர்ப்பது மிகையல்ல. பீடஹள்ளிப் பாதை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர்தான். புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்தின் அடர்ந்த காட்டுக்குள் சென்று, முடிவில் ஒரு சாய்ந்த பாறைமுகத்தில் ஏறி உச்சியை அடைகிறது. அந்தப் பாறை ஈரமாக இருக்கும் நாட்களில் வழுக்கும். மழைத் தூறல் இருந்தால் அதில் ஏறவே கூடாது.

தாரகாசுரனை வென்ற முருகன் இந்த மலைக்கு வந்ததாகவும், தன் வேலாயுதத்தை இங்குள்ள ஆற்றில் கழுவியதாகவும், அதனால் அந்த ஆறு குமாரதாரா எனப் பெயர் பெற்றதாகவும் தலபுராணம் சொல்கிறது. உச்சியில் கிடைக்கும் லிங்க வடிவக் கற்களை ஆண்டுக்கணக்காகப் பக்தர்கள் பொறுக்கிச் செல்கிறார்கள். பார்த்து வணங்கிவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். சரணாலயத்திலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

மலை ஏற முடியாதவர்கள் இதே குமாரதாராவை மல்லள்ளி அருவியில் பார்க்கலாம். சோமவாரப்பேட்டையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். அறுபது மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து அகன்று விழுகிறது. பல நூறு படிகள் இறங்கினால் அருவியின் அருகே செல்லலாம். இறங்குவது எளிது, ஏறும்போது முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். என்னைக் கேட்டால், குடகின் அருவிகளில் இதுவே முதலிடத்துக்கு உரியது. செப்டம்பர், அக்டோபரில் சென்றால் அரை கிலோமீட்டருக்கு முன்பே அதன் இரைச்சல் கேட்கும். நீரில் இறங்குவது மட்டும் கூடாது.

பிரம்மகிரியும் இருப்பு அருவியும்

பிரம்மகிரி என்ற பெயரில் குடகில் இரண்டு இடங்கள் இருப்பதால் பயணிகள் குழம்புகிறார்கள். தலைக்காவிரிக் கோயிலுக்கு மேலே உள்ள குன்று ஒன்று. தெற்கே கேரள எல்லையில் உள்ள மலைத்தொடர் இன்னொன்று. நடைக்குரியது இரண்டாவது.

இருப்பு என்னும் சிற்றூரில் ராமேசுவரர் கோயிலுக்குப் பின்னால், லட்சுமண தீர்த்த ஆறு சுமார் ஐம்பது மீட்டர் உயரத்திலிருந்து கட்டம் கட்டமாக விழுகிறது. மகாசிவராத்திரியில் நீராட வருவோரின் கூட்டம் மிகுதி; மற்ற நாட்களில் காலையில் சென்றால் அமைதியாகப் பார்க்கலாம். அருவியை ஒட்டித் தொடங்கும் பாதைதான் பிரம்மகிரிக்குச் செல்கிறது. சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறை அனுமதியும் உடன்வரும் வழிகாட்டியும் இல்லாமல் செல்ல இயலாது. உச்சி வரை ஒரு பக்கம் ஒன்பது கிலோமீட்டர் போல் ஆகும்; முதல் பாதி பசுமைமாறாக் காட்டுக்குள், ஓடைகளைத் தாண்டித் தாண்டி, நரிமலை வனத்துறை விடுதி வரை செல்கிறது. அதற்குமேல் திறந்த புல்மலை. கடமான், காட்டெருமை, யானை ஆகியவற்றின் தடங்கள் பாதையிலேயே கிடக்கும். நீலகிரிக் கருமந்திகளின் உறுமல் போன்ற குரல் காட்டின் இரு பக்கமும் எதிரொலிக்கும். உச்சியிலிருந்து கேரளப் பக்கம் பார்த்தால் திருநெல்லிக் கோயில் அமைந்த பள்ளத்தாக்கு. தடியண்டமோளைவிட இங்கே கூட்டம் குறைவு. காட்டை விரும்புவோருக்கு நான் இதையே முதலில் சொல்வேன்.

தலைக்காவிரி

கடல் மட்டத்திலிருந்து 1,276 மீட்டர் உயரத்தில், குண்டிகை எனப்படும் ஒரு சிறு சதுரத் தொட்டியில் காவிரி தோன்றுவதாகக் கருதி வழிபடுகிறார்கள். ஐப்பசி பிறக்கும் துலா சங்கராந்தியன்று, பெரும்பாலும் அக்டோபர் 17ஆம் நாளை ஒட்டி, குறித்த நேரத்தில் குண்டிகையில் நீர் பொங்கும் தீர்த்தோத்பவத்தைக் காணப் பல்லாயிரம் பேர் திரள்வார்கள். நடையை நாடுவோர் அந்த வாரத்தைத் தவிர்க்கலாம். வழிபாட்டுக்கு வருவோர் அந்த நாளுக்காகவே வரலாம். கோயிலுக்கு மேலே குன்றின் உச்சிக்குச் செல்லும் படிகள் திறந்திருந்தால் ஏறிப் பாருங்கள். எட்டு கிலோமீட்டர் கீழே பாகமண்டலத்தில் காவிரியோடு கன்னிகை ஆறும், கண்ணுக்குத் தெரியாத சுஜோதியும் கூடுவதாக நம்பிக்கை. மேட்டூர் அணையில் கடல்போல் விரிந்து பார்த்த ஆறு, இங்கே கணுக்கால் அளவில் கூழாங்கற்களின் மேல் ஓடுகிறது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மாந்தல்பட்டி புல்மலைக்கு மடிக்கேரியிலிருந்து ஜீப்புகள் செல்கின்றன. விடுமுறை நாட்களில் நூற்றுக்கணக்கான ஜீப்புகள் மண்பாதையைக் கிழித்துச் செல்வதால், வார நாட்களில் மட்டும் போவதும், கடைசிப் பகுதியை நடந்து கடப்பதும் நல்லது. கோட்டெபெட்டா குன்றின் உச்சியில் ஒரு சிவன் கோயில் உண்டு, ஏற்றமும் கடினமில்லை. குழந்தைகளோடு வருவோருக்கு ஏற்றது. அபி அருவி மடிக்கேரிக்கு மிக அருகில், காப்பி, மிளகுத் தோட்டத்துக்கு நடுவே இருக்கிறது. காலை திறந்தவுடன் செல்லாவிட்டால் நெரிசலில் சிக்குவீர்கள். கக்கபேயில் தங்குவோர் செலவாரா அருவியையும் பார்த்துவிடலாம், ஆனால் அதன் அடியில் உள்ள மடு ஆழமானது. நீந்தத் தெரிந்தவர்களே மூழ்கி இறந்திருக்கிறார்கள்.

அனுமதி

முன்பெல்லாம் சாவடியில் கட்டணம் கட்டிவிட்டு ஏறிவிடலாம். 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் ஒரே வார இறுதி விடுமுறையில் கட்டுக்கடங்காத கூட்டம் திரண்ட பிறகு, கர்நாடக வனத்துறை மலையேற்றத்துக்கு இணையவழி முன்பதிவைக் கட்டாயமாக்கி, ஒவ்வொரு பாதைக்கும் நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று வரம்பும் விதித்தது. 'அரண்ய விகாரா' என்னும் வனத்துறைத் தளத்தில் பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவரின் அடையாள அட்டையைச் சாவடியில் காட்ட வேண்டும். சனி, ஞாயிறு இடங்கள் விரைவில் தீர்ந்துவிடும். எனவே வேலை வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் மலையேற்ற அனுமதி, பிறகு தங்கும் வீடு, அதன் பிறகே ரயில் டிக்கெட். பாதைகள் தீ அபாயத்தாலும் மழையாலும் திடீரென மூடப்படுவதால், புறப்படுவதற்கு முந்தின நாள் வீட்டாரிடமும் வனத்துறை அலுவலகத்திலும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சிகரங்களில் கூடாரம் போட்டு இரவு தங்க அனுமதி கிடையாது. வாங்கித் தருகிறோம் என்று சொல்வோரை நம்ப வேண்டாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

அடிப்பகுதி நன்கு பிடிக்கும் காலணி, முழுநீளக் கால்சட்டை, மழைக்கோட்டு, ஆளுக்கு மூன்று லிட்டர் நீர், மதிய உணவு, டார்ச் விளக்கு ஆகியவை போதும். குடை காற்றில் நிற்காது. மலையடிவார ஊர்களில் செல்பேசிச் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருக்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வீட்டாரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். விராஜ்பேட்டையையோ மடிக்கேரியையோ தாண்டுமுன் பெட்ரோலும் ரொக்கமும் நிரப்பிக்கொள்வது நல்லது.

ஜூன் முதல் நவம்பர் வரை அட்டைகள் இருக்கும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை அணிந்து, அதன்மேல் உப்பையோ புகையிலைத் தூளையோ நனைத்துத் தடவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பதறிப் பிய்த்து எறிய வேண்டாம். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தட்டையாக வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். அதன் உமிழ்நீர் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் கடித்த இடத்தில் சிறிது நேரம் இரத்தம் கசியும். சோப்பிட்டுக் கழுவித் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

வழியில் தோட்டங்களுக்கு நடுவே, வெட்டுப்படாத பெருமரங்கள் திடீரென அடர்ந்து நிற்கும் இடங்களைக் காண்பீர்கள். அவை தேவரகாடு எனப்படும் கோயில் காடுகள். மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. ஊராரின் அனுமதி இல்லாமல் உள்ளே செல்லாதீர்கள். அழைத்துச் சென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். உதிர்ந்த சுள்ளியைக்கூட எடுக்காத வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

நான்கு நாள் கிடைத்தால் நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதல் நாள் மைசூர் வழியாகவோ மாக்குட்டா வழியாகவோ கக்கபே வந்து சேர்ந்து மாலையில் தோட்ட நடை. இரண்டாம் நாள் தடியண்டமோள், திரும்பி வந்து நால்நாடு அரண்மனை. மூன்றாம் நாள் காலையில் பாகமண்டலமும் தலைக்காவிரியும், மாலையில் தெற்கே இறங்கி ஸ்ரீமங்கலா. நான்காம் நாள் உடம்பு ஒத்துழைத்தால் பிரம்மகிரி, இல்லையென்றால் இருப்பு அருவியோடு நிறுத்திக்கொண்டு, கோணிகொப்பல் வழியாக மைசூருக்குத் திரும்பலாம். கோணிகொப்பலில் காப்பித்தூள் வாங்கும்போது சிக்கரி கலக்காத தூள் என்று கேட்டு, கண் முன்னே அரைத்துத் தரும் கடையில் வாங்குங்கள்; பில்டர் காப்பிக்குப் பிளான்டேஷன் அராபிகாவில் முக்கால் பங்கும் ரொபஸ்டாவில் கால் பங்கும் கலந்து அரைக்கச் சொன்னால், மணமும் அடர்த்தியும் இரண்டும் இருக்கும்.